வலி மாத்திரைக்குப் பழகிவிட்ட பிள்ளையை ஊரில் இருந்தபடியே சிகிச்சையில் நிறுத்துவது எப்படி

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் சமூகப் பணி செய்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காலி மாத்திரை அட்டையை மேசையில் வைத்து, "தம்பி, இது என்ன மாத்திரைன்னு பாருங்க, பீரோவுக்குப் பின்னாடி இருபது முப்பது அட்டை கிடக்கு" என்று கேட்டார். அட்டையில் டேபென்டடால் என்று இருந்தது. வலி மாத்திரைதான், பயப்படாதீங்கம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருபது வயசுப் பையனுக்கு இருபது அட்டை வலி மாத்திரை எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்து, ஊசி போட்ட முழங்கை மடிப்பில் சீழ்க்கட்டியோடு அவனை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நூறு நாள் வேலைக்குப் போகிற அந்த அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஊரில் இப்படி ஒரு அட்டை முதலில் வந்து சேருகிற ஆள் டாக்டராக இருக்க மாட்டார். மகளிர் குழுத் தலைவியாக இருப்பார், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிற அக்காவாக இருப்பார், பள்ளிக்கூட வாத்தியார், தாய்மாமன், இல்லையென்றால் களப்பணிக்கு வந்த சமூகப் பணி மாணவர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையனை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருவதோடு நம் வேலை முடியாது. இந்த நோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது, அதை மாதக்கணக்கில், பல பேருக்கு வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும், அவ்வளவு நாளும் அவன் மருந்தை விடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஊரில் இருக்கிற நாம் செய்ய வேண்டியது.

எப்படிக் கண்டுபிடிப்பது

சாராயம் என்றால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். இதில் வாடையே கிடையாது. அதனால் வீட்டில் ரொம்ப நாள் தெரியாமலே போகும். மாத்திரை உள்ளே இருக்கும்போது கண்ணின் கருமணி நடுவில் உள்ள பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், நிழலில் நின்றாலும் விரியாது. உட்கார்ந்தபடியே தலை சாயும், மூக்கையும் முகத்தையும் சொறிவார்கள், மலச்சிக்கல் இருக்கும். மாத்திரை கிடைக்காத நாளில் எல்லாம் தலைகீழாகும். கொட்டாவி நிற்காது, மூக்கும் கண்ணும் ஒழுகும், மயிர் கூச்செறியும், வயிற்றுப்போக்கு, கைகால் குடைச்சல், ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் புரளுவது. கடைசியாகப் போட்டு எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் இது தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். "மாசத்துக்கு நாலு தடவை இவனுக்குக் காய்ச்சல் வருது தம்பி, கோயிலுக்கு நேர்ந்துகூடப் பார்த்துட்டேன்" என்று ஒரு ஆத்தா சொன்னது இதைத்தான். அக்னி நட்சத்திர வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் திரிகிற பையனையும் கவனியுங்கள், ஊசிக்குப் போய்விட்டான் என்று அர்த்தமாக இருக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரிசி ஆலையில் மூட்டை தூக்கி இடுப்பு போனவர், ஆபரேஷன் ஆனவர், புற்றுநோய்க்கு மார்ஃபின் சாப்பிடுகிற பெரியவர், இவர்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் சாப்பிட்டால் அது வைத்தியம்தான். ஊரில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டதும் அவர்கள் மாத்திரையைப் பிடுங்கி வைத்துவிடுகிற மகன்களை நான் பார்த்திருக்கிறேன், அது கொடுமை. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டி, வலி போன பிறகும் விட முடியாமல், வாங்குவதற்காகப் பொய்யும் கடனும் ஆரம்பித்திருந்தால்தான் நாம் பேசுகிற விஷயம்.

நம் ஊரில் மட்டும் என்று கூனிக் குறுக வேண்டாம். 2019ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு, ஓபியாய்டு வகைப் போதையால் உதவி தேவைப்படும் நிலைக்குப் போனவர்கள் இந்தியாவில் சுமார் 77 லட்சம் பேர் என்கிறது. அபின், ஹெராயின், இந்த வலி மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். டிரமடோல் என்ற வலி மாத்திரை 2018ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. இப்போது எங்கள் பக்கம் நான் அதிகம் பார்க்கிற அட்டை டேபென்டடால்.

முதல் பேச்சு

திண்ணையில் வைத்துப் பேசாதீர்கள். செட்டிநாட்டு ஊர்களில் திண்ணை என்றால் தெருவே கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். டீக்கடையும் வேண்டாம். நான் ஊருணிக் கரைக்குப் போய்விடுவேன், மத்தியானம் இரண்டு மணிவாக்கில், தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் போன பிறகு. படிக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி பேசுவது நல்லது, முகத்துக்கு முகம் பார்த்தால் அவனுக்குச் சொல்ல வராது. பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டின் பின்கட்டில் பையன்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்தால் அங்கே திடீரென்று போய் நிற்காதீர்கள். அடுத்த தடவை அவர்கள் இன்னும் தள்ளி, ஆளில்லாத கண்மாய்க்குள் போவார்கள், அங்கே ஒருத்தன் மூச்சு நின்று விழுந்தால் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

என்ன கேட்பது? "ஏன்டா இப்படிப் பண்ணினே" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அவனுக்கே விடை தெரியாது. "இல்லாத நாள்ல உடம்பு எப்படிடா பண்ணுது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அழாத பையனை நான் இன்னும் பார்க்கவில்லை. சந்தோஷத்துக்காக ஆரம்பித்தவன் எப்போதோ அதைத் தாண்டியிருப்பான், இப்போது குடைச்சல் வராமல் இருக்கத்தான் போடுகிறான். அதை ஒரு ஆள் புரிந்துகொண்டார் என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் மெதுவாக, டாக்டருக்குத் தேவையானதைக் கேட்டு மனசில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு நாளாக, வாயில் போடுகிறானா ஊசியா, ஊசியை யாரோடாவது பகிர்ந்தானா, கூடவே சாராயமோ தூக்க மாத்திரையோ உண்டா, வலிப்பு வந்ததுண்டா, நினைவு தப்பி விழுந்ததுண்டா. டிரமடோல் அளவு கூடினால் வலிப்பு வரும், சாராயத்தையோ தூக்க மாத்திரையையோ திடீரென்று நிறுத்தினாலும் வரும், அப்படிப்பட்டவர்களை வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்கவே கூடாது. எங்கே வாங்குகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட அந்த நிமிஷம் நீங்கள் போலீஸ் ஆகிவிடுவீர்கள். சீட்டு இல்லாமல் விற்கிற கடையைப் பற்றிப் புகார் செய்ய வேண்டுமா, 10581க்குத் தனியாகச் சொல்லுங்கள், அந்த வேலையையும் இந்தப் பையனையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்.

வீட்டார் செய்கிற நாலு காரியம்

முதலாவது கயிறு. கோயிலில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிவிடுவார்கள். நானும் சாமி கும்பிடுகிறவன்தான், அந்தக் கயிறு பல பேரைக் குடியிலிருந்து நிறுத்திவைத்திருப்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கயிறு கட்டிக்கொண்டு இந்த மாத்திரையை ஒரே நாளில் விட்டவன் மூன்றாம் நாள் குடைச்சலில் உடைந்துபோய், சாமி குத்தம் ஆகிவிட்டது என்ற பயமும் சேர்ந்து, முன்னைவிட அதிகமாகப் போடுவான். கயிறு கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் போய் மருந்து ஆரம்பித்த பிறகு கட்டட்டும். சத்தியத்தையும் கொஞ்சம் மாற்றிச் செய்யச் சொல்லுங்கள்: "மருந்தை விட மாட்டேன்" என்று. ஒரு பூசாரி இதைக் கேட்டு உடனே சம்மதித்தார், அவரே மாதாமாதம் அந்தப் பையனிடம் மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்கிறார்.

இரண்டாவது, அறையில் பூட்டிவைப்பது. வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் உடம்பில் தண்ணீர் வற்றிப் போகும். இதைவிட மோசமான ஆபத்து வெளியே வந்த பிறகு இருக்கிறது, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிரும்." ஆகாது. இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகும். பெண் பார்க்கும் பேச்சு ஆரம்பித்துவிட்டது என்றால் அதைத் தள்ளிப்போடச் சொல்கிற தைரியம் நமக்கு வேண்டும்.

நான்காவது நம் பகுதிக்கே உரியது: சிங்கப்பூருக்கு மாமாவிடம் அனுப்பிவிடுவது. தயவுசெய்து வேண்டாம். அங்கே போதைப்பொருள் உட்கொண்டாலே பத்து வருடம் வரை சிறை உண்டு, கடத்தலுக்குத் தூக்கு. இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. இங்கே சிகிச்சையில் கொடுக்கிற புப்ரெனார்ஃபின் மாத்திரை 2006 முதல் சிங்கப்பூரில் முதல் வகைத் தடைப் பொருள். நம் ஊர் ஆஸ்பத்திரி கொடுத்த மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிற பையன் அங்கே குற்றவாளியாக இறங்குவான். பாஸ்போர்ட் பேச்சு வருகிற வீட்டில் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கே கூட்டிப்போவது

நேராக அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு. சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, காரைக்குடி அரசு ஆஸ்பத்திரி, புதுக்கோட்டைப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்கு அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, பெரிய சிக்கல் என்றால் மதுரை ராஜாஜி. மாவட்ட மனநலத் திட்டக் குழு ஒவ்வொரு ஊர் ஆஸ்பத்திரிக்கும் குறிப்பிட்ட நாளில் வரும், உங்களுக்குப் பக்கத்தில் எந்தக் கிழமை என்று கேட்டு வீட்டுக் காலண்டரில் எழுதிவையுங்கள். 2025ல் தமிழக அரசு 25 இடங்களில் "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது, பக்கத்தில் எது என்று 104ல் கேட்டால் சொல்வார்கள். போதை மீட்புக்கென்றே 14446, மனசு சம்பந்தப்பட்ட எதற்கும் 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. தமிழில் பேசலாம். போவதற்கு முதல் நாள் ராத்திரி பையனையே போன் செய்யச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள், பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்.

தனியார் மையங்களைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. நல்ல மையங்களும் இருக்கின்றன. ஆனால் ஒரு மையத்தில் நான் சேர்த்துவிட்ட பையன் மூன்று மாதம் கழித்து இடது கணுக்காலில் கருப்பு வளையத்தோடு திரும்பி வந்தான். சங்கிலியின் தடம். அவன் அப்பா அதற்காக ஒரு ஜோடி மாடு விற்றுப் பணம் கட்டியிருந்தார். 2017ம் வருட மனநல மருத்துவச் சட்டம் போதைப் பழக்கத்தால் வருகிற மனநலக் குறைவையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது, யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. அதனால் சேர்ப்பதற்கு முன் நீங்களே நேரில் போங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள், மனநல டாக்டர் எந்த நேரத்தில் வருகிறார் என்று கேளுங்கள், சமையலறையையும் கக்கூசையும் பாருங்கள், வாரத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளையோடு தனியாகப் பேச விடுவார்களா என்று கேளுங்கள். "மூணு மாசம் யாரும் பார்க்கக் கூடாது" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கிற பொடி, ஒரே ஊசியில் நிறுத்துகிறோம் என்ற சுவரொட்டி, இவற்றின் பக்கமே போக வேண்டாம்.

மருந்து எப்படி வேலை செய்கிறது

இதை வீட்டாருக்குப் புரியவைப்பதுதான் எனக்கு அதிக நேரம் எடுக்கிற வேலை. டாக்டர் பெரும்பாலும் புப்ரெனார்ஃபின் கொடுப்பார். சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது, ஆஸ்பத்திரியிலும் மீட்பு மையத்திலும்தான் கொடுப்பார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், ஐந்து பத்து நிமிடம் ஆகும். விழுங்கினால் பிரயோஜனம் இல்லை, கரையும் வரை தண்ணீர் குடிக்கவோ பேசவோ கூடாது. அதுவும் ஓபியாய்டு குடும்பத்து மருந்துதான், மூளையில் அந்த மாத்திரை போய் உட்காருகிற அதே இடத்தில் உட்காருகிறது, ஆனால் ஒரு அளவுக்கு மேல் மயக்கம் ஏறாது. குடைச்சல் இல்லை, மாத்திரையைத் தேடுகிற தவிப்பு அடங்குகிறது, பையன் எழுந்து குளித்து வேலைக்குப் போக முடிகிறது.

"ஒரு மாத்திரையை விட்டு இன்னொரு மாத்திரைக்கு அடிமையாகச் சொல்றீங்களா?" என்று எல்லா அப்பாவும் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை எத்தனை வருஷமாக? அதை விட்டால் என்ன ஆகும்? அப்பா யோசிப்பார். புப்ரெனார்ஃபினும், இதே சிகிச்சைக்குக் கொடுக்கிற மெத்தடோனும் 2005லேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. இந்த மருந்தில் தொடர்ந்து இருப்பவர்களின் சாவு, வெளியே இருப்பவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அப்பாவிடம் நான் கடைசியாகச் சொல்வது, உங்கள் மகன் உயிரோடு இருந்தால்தானே மற்றதைப் பேச முடியும் என்பதுதான்.

ஆரம்பிக்கிற நாளில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மாத்திரை உடம்பில் நிறைய இருக்கும்போது புப்ரெனார்ஃபின் போட்டால் குடைச்சல் பல மடங்காகத் திடீரென்று வரும். அதனால் கொட்டாவியும் மூக்கொழுகலும் ஆரம்பித்த பிறகுதான் டாக்டர் தொடங்குவார். கடைசியாக எப்போது போட்டான் என்பதில் பொய் சொல்லக் கூடாது என்று பையனிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், வேண்டுமானால் அந்த நேரத்தில் அம்மாவை வெளியே அனுப்பிவிடுங்கள். நால்ட்ரெக்ஸோன் என்று இன்னொரு மருந்தும் உண்டு, அது போதையே ஏறாமல் தடுக்கிறது, அதைத் தொடங்க ஏழிலிருந்து பத்து நாள் வரை உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும். எது யாருக்கு என்பது டாக்டர் முடிவு. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இந்தப் பழக்கத்தில் இருந்தால் நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஊசி போட்டவன் என்றால் அதே ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், மஞ்சள் காமாலை பி, சி இரண்டுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். சி வகைக்கு இப்போது மாத்திரையிலேயே குணமாக்க முடிகிறது.

பஸ், கூலி, ஊர் வாய்

சிகிச்சை உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஓ.பி. சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள், முதல் பஸ்ஸை விட்டால் அன்றைக்கு நாள் போச்சு. டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் கிடையாது, மகனுக்கு உண்டு, போக வர ஆகிற அந்தச் சில்லறை கையில் இல்லாமல் போகாத பையன்கள் இருக்கிறார்கள். மகளிர் குழுவில் ஒரு சின்ன டப்பாவில் அந்தக் காசை மட்டும் தனியாக வைக்க ஏற்பாடு செய்தோம், யாருக்கு என்று எழுதுவதில்லை. ஒரு நாள் கூலியும் போகும். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் செய்கிற பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையனுக்காக முதலாளியிடம் "வயித்துல கோளாறு, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை சிவகங்கைக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நோயின் பெயரை யாருக்கும் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இல்லை, அந்தப் பையன் சம்மதிக்காமல் சொல்லவும் கூடாது. ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸ் அவனுக்கு அயித்தை முறையாக இருப்பார், வண்டி ஓட்டுகிறவர் பெரியப்பா மகனாக இருப்பார், அதனால் அவன் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால் திட்டாதீர்கள், இருபது கிலோமீட்டர் தள்ளிப் போகச் சம்மதிக்கிறானா என்று கேளுங்கள்.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. சமையல் மாஸ்டர் குழுவோடு போகிற பையன்கள் எங்கள் பக்கம் அதிகம். முகூர்த்த மாதத்தில் ராத்திரி முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டும், விடியற்காலையில் கைகால் அசதிக்கு ஒருத்தன் மாத்திரை நீட்டுவான். முதல் மூன்று மாதமாவது வேறு வேலை பாருங்கள், இல்லையென்றால் குழுவின் மாஸ்டரிடம் பேசிப் பகல் வேலை மட்டும் கேளுங்கள். மஞ்சுவிரட்டுக் காலத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு வலி மாத்திரை எழுதும்போது பழக்கம் இருந்ததைச் சொல்லிவிடவும் பையனிடம் சொல்லிவையுங்கள்.

ஊர் ஒத்துழைக்காது என்று மலைக்க வேண்டாம். சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்கென்று மருத்துவமனை தொடங்கினார், அவர் குழு பின்னால் மஞ்சக்குடி மாதிரி கிராமத்துக்கே போய், ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு குடிநோய் முகாம்களை நடத்தியது. நோயாளியை ஊரை விட்டுக் கிளப்பாமல், ஊரையே சிகிச்சைக்குள் இழுத்தார்கள். அந்த வழியை நாமும் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பெரியவர் போதும், ஒரு அப்பத்தா இருந்தால் இன்னும் நல்லது. "ராசா, மாத்திரை சாப்பிட்டியா?" என்று அவர் கேட்கிற தொனியில் ஊருக்கு அது பிரஷர் மாத்திரை மாதிரிதான் கேட்கும்.

மூச்சு நின்றுபோனால்

பூட்டிவைப்பதைப் பற்றிப் பேசும்போது, அப்புறம் சொல்கிறேன் என்று விட்டது இதுதான். சில நாள் மாத்திரை போடாமல் இருந்தவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அறையில் பூட்டப்பட்டு வெளியே வந்தவன், மையத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வீடு திரும்பியவன், மருந்தை நிறுத்திவிட்டவன், இவர்கள் முன்னால் போட்ட அதே அளவைப் போட்டால் செத்துப்போக வாய்ப்பு உண்டு. வீடு திரும்புகிற முதல் சில வாரம்தான் அதிக ஆபத்து. இதை அவனிடமே, அவன் அம்மாவையும் வைத்துக்கொண்டு, வெளிப்படையாகச் சொல்லுங்கள். மறுபடி போடச் சொல்வதாக அர்த்தம் ஆகாது.

எழுப்பினால் எழவில்லை, குறட்டை மாதிரி தொண்டையில் கரகரவென்று சத்தம், உதடும் நகமும் நீலம், மூச்சு ரொம்ப மெதுவாக, கண் பாப்பா ஊசிமுனை. உடனே 108. "மூச்சு விடலை" என்பதை முதலில் சொல்லுங்கள். வாயில் மோர், எலுமிச்சை, புளித்தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள், தலையில் தண்ணீர் கொட்டி நேரத்தைக் கழிக்காதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். நாடியும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் நலாக்ஸோன் என்ற ஊசி இருக்கிறது, சில நிமிடத்தில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும், ஆனால் அதன் வேகம் மாத்திரையைவிடச் சீக்கிரம் குறைந்துவிடும், அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். என்ன போட்டான் என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், அட்டை கையில் கிடைத்தால் எடுத்துப் போங்கள்.

போலீஸ் பயத்தில் வண்டியைக் கூப்பிடாமல் விட்டுவிடுகிற நண்பர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. அவர்களையும் தனியாகச் சந்தித்து இதே பாடத்தைச் சொல்லுங்கள். சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 1985ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து காப்பு தருகிறது. சிகிச்சையை முழுசாக முடிக்காவிட்டால் அந்தக் காப்பு போய்விடலாம். விற்றவனுக்கு இது பொருந்தாது. வழக்கு வந்துவிட்டால் இலவசச் சட்ட உதவிக்கு 15100.

வராத நாளில் செய்ய வேண்டியது

ஆறாவது வாரமோ எட்டாவது வாரமோ, ஒரு நாள் பையன் பஸ் நிறுத்தத்துக்கு வர மாட்டான். இதை எதிர்பார்த்தே இருங்கள். பெரும்பாலும் மறுபடி போட்டிருப்பான், உங்கள் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பான். இந்த நோயில் அது நடக்கும், சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் ஜாங்கிரி சாப்பிட்டுவிடுகிற மாதிரி, அதற்காக யாரும் அவருக்கு வைத்தியத்தை நிறுத்துவதில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போங்கள், ஒரு வாரம் கழித்துப் போகாதீர்கள். ஏன் வரவில்லை என்று ஆரம்பிக்க வேண்டாம். எத்தனை நாளாக மருந்து விட்டுப்போச்சு, நடுவில் வேறு ஏதாவது போட்டாயா, இந்த இரண்டு மட்டும் போதும். சில நாள் இடைவெளி விழுந்திருந்தால் வீட்டில் மிச்சம் இருக்கிற புப்ரெனார்ஃபினைப் பழைய அளவிலேயே அவனாக எடுத்து ஆரம்பிக்கக் கூடாது, டாக்டர் பார்த்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். மருந்துக் கவரை அம்மாவிடம் கொடுத்து அரிசிப் பானைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைக்கச் சொல்லுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கண்டிப்பாகப் பூட்டிவைக்க வேண்டும், ஒரு மாத்திரைகூடக் குழந்தையைக் கொன்றுவிடக்கூடும்.

அப்புறம், கிளம்புவதற்கு முன்னால், அவன் காது கேட்க அம்மாவிடம் மறுநாள் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். நான் நிறுத்தத்தில் நிற்கிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி போய் நில்லுங்கள். சீழ்க்கட்டியோடு படுத்திருந்தானே அந்தப் பையன், அவனுக்காக நான் அப்படி மூன்று நாள் நின்றேன். மூன்றாம் நாள் பஸ் கிளம்புகிற நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து ஏறினான், அவன் அம்மா சோற்றுத் தூக்கோடு பின்னால் ஓடி வந்தார்.